கூலி பாக்கி

கதைகளில் வரும் குள்ளர்கள் என்றதும் தாடி, கோடரி, குடி, தங்கவெறி என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். முதல் மூன்றில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. நான்காவதில்தான் இருக்கிறது. மிகைபுனைவுக் கதைகளையும் விளையாட்டுகளையும் பல வருடங்களாக மேய்ந்துகொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: குள்ளர்களின் பேராசை என்று நமக்குக் காட்டப்படுவதில் பெரும்பகுதி, வராத கூலி. செய்த வேலைக்குப் பணம் கேட்டு வாசலில் நிற்பவனைப் பார்த்து "எப்பப் பார்த்தாலும் காசு, காசு" என்று அலுத்துக்கொள்பவர் யார்? கொடுக்க வேண்டியவர்தான்.

ஆரம்பத்திலிருந்தே பார்க்கலாம். நமக்குத் தெரிந்த குள்ளர்களின் பூர்விகம் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் புராணம். ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதிய 'உரைநடை எட்டா' என்ற நூலில், இமிர் என்ற ஆதி அரக்கனின் பிணத்தில் புழுக்களாக நெளிந்தவர்களுக்குத் தேவர்கள் அறிவும் மனித வடிவும் கொடுத்ததாக வருகிறது. அதே அரக்கனின் மண்டையோட்டைக் கவிழ்த்து வானமாக்கிவிட்டு, அதைத் தாங்க நான்கு மூலைக்கும் நான்கு குள்ளர்களை நிறுத்துகிறார்கள். நோர்த்ரி, சுத்ரி, ஆஸ்த்ரி, வெஸ்த்ரி. திசைகளின் பெயர்கள்தான். அந்த நால்வருக்கும் சம்பளம் என்ன, மாற்று ஆள் உண்டா என்றெல்லாம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிறந்த அத்தியாயத்திலேயே வேலைக்கு நிறுத்தப்பட்ட கூட்டம் இது.

அடுத்து வருவது தந்திரக்காரத் தேவன் லோகியின் கதை. இடித் தேவன் தோரின் மனைவி சிஃப்பின் கூந்தலை லோகி விளையாட்டுக்கு வெட்டிவிடுகிறான். தோர் எலும்பை முறிப்பேன் என்று பிடித்துக்கொள்ள, தங்கத்தில் கூந்தல் செய்து தருவதாகச் சத்தியம் செய்து தப்பிக்கிறான். நேரே இவால்தியின் மகன்களான குள்ளர்களிடம் போகிறான். அவர்கள் தலையில் ஒட்டிக்கொண்டு முடியாகவே வளரும் தங்கக் கூந்தல், துணிபோல மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும் கப்பல், தேவர்களின் தலைவன் ஓடினின் ஈட்டி என மூன்றைச் செய்து தருகிறார்கள். அவர்களுக்கு என்ன கொடுத்தான் என்று தேடிப் பாருங்கள். ஒரு வரி கிடையாது.

கையோடு அடுத்த பட்டறைக்குப் போகிறான். இதற்குச் சமமான மூன்று பொருள்களை உன் அண்ணன் செய்துவிட்டால் என் தலை உனக்கு என்று புரோக் என்ற குள்ளனிடம் பந்தயம் கட்டுகிறான். அண்ணன் எய்த்ரி உலையில் ஒரு பன்றித்தோலை வைத்துவிட்டு, நான் வந்து எடுக்கும்வரை துருத்தியை நிறுத்தாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போகிறான். ஒரு ஈ வந்து புரோக்கின் கையில் கடிக்கிறது. அவன் ஊதிக்கொண்டே இருக்கிறான். உலையிலிருந்து பொன்மயிர்ப் பன்றி வருகிறது. இரண்டாவதாகத் தங்கம். ஈ கழுத்தில் இன்னும் அழுத்திக் கடிக்கிறது. நிறுத்தவில்லை. ஒன்பதாவது இரவுதோறும் தன்னைப்போல எட்டு வளையங்களைச் சொட்டும் த்ரௌப்னிர் வருகிறது. மூன்றாவதாக இரும்பு. இந்த முறை ஈ கண்களுக்கு நடுவே உட்கார்ந்து இமையைக் கடிக்க, ரத்தம் கண்ணில் இறங்கி உலையே தெரியாமல் போகிறது. ஒரே கணம், துருத்தியிலிருந்து ஒரு கையை எடுத்து ஈயை விரட்டுகிறான். அந்த ஒரு கணத்தால்தான் தோரின் சுத்தியல் மியோல்னிருக்குப் பிடி குட்டையாகிப் போனது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அந்தக் குட்டைப் பிடிதான். காற்று ஒரு கணம் தவறினால் சூடு தவறும், சூடு தவறினால் சரக்கு தவறும் என்பது உலைக்கு முன் நின்ற யாரோ சொல்லாமல் கதைக்குள் வந்திருக்க முடியாது. குறையோடு வந்த சுத்தியலே ஆறு பொருள்களிலும் சிறந்தது என்று தேவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். பந்தயம் குள்ளனுக்கு. லோகி ஓடுகிறான், பிடித்து வந்ததும் சட்டம் பேசுகிறான்: தலை உனக்குத்தான், கழுத்து உனக்கில்லை, கழுத்தைத் தொடாமல் எடுத்துக்கொள். கடைசியில் புரோக் அவன் உதடுகளைத் தைத்துவிட்டுப் போகிறான். சுத்தியல் தோருக்கு, வளையம் ஓடினுக்கு, பன்றி ஃப்ரேயர் என்ற தேவனுக்கு. உழைத்தவன் வீட்டுக்கு எடுத்துப்போனது ஒரு வாயைத் தைத்த திருப்தி மட்டும்.

ஆல்விஸ் என்ற குள்ளனின் கதியும் இதுதான். தோரின் மகளைத் தருவதாகச் சொன்ன வாக்கை நம்பிப் பெண் கேட்டு வருகிறான். நிலவுக்கு எந்த உலகத்தில் என்ன பெயர், கடலுக்கு என்ன பெயர் என்று தோர் கேள்விமேல் கேள்வி கேட்கிறான். குள்ளன் ஒன்றுகூடத் தப்பாமல் பதில் சொல்கிறான். சொல்லி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது. வெயில் பட்டதோடு அவன் கதை முடிந்தது. பரீட்சையில் தேறியவனுக்கு வேலை இல்லை என்பது அத்தனை பழையது.

கூலி கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். சுரங்கத் தொழிலாளிகள். ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா, நிலத்தடி உயிர்கள் பற்றி 1549-ல் வெளியிட்ட நூலில், சுரங்கங்களில் காணப்படுவதாகச் சொல்லப்படும் சின்ன உருவங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டடி உயரம், கிழத்தோற்றம், இடுப்பில் சுரங்கக்காரர்களின் தோல் கவசம். இவர்களுக்குப் பங்காளி முறையான கூட்டம் இங்கிலாந்தின் கார்ன்வால் தகரச் சுரங்கங்களிலும் உண்டு. பாறைக்குள் தட்டும் சத்தம் கேட்டால் அது அவர்கள் என்று நம்பிய தொழிலாளிகள், தங்கள் சாப்பாட்டில் ஓரத்துண்டை அவர்களுக்கென்று போட்டுவிட்டு வருவார்கள். தேவர்கள் கொடுக்காததைக் கூலிக்காரர்கள் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை.

சரி, குள்ளர்கள் ஏன் கூலியை விட்டுத்தர முடியாது? கல்லைத் தின்று வயிறு நிறையாது, அதனால்தான். மலைக்குள் ஒரு நகரம் என்றால் வரைபடத்தில் அழகாக இருக்கும். கூடங்கள், தூண்கள், பாலங்கள். கோதுமை எங்கே விளைகிறது என்று மட்டும் அந்தப் படத்தில் இருக்காது. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1937-ல் வெளியிட்ட 'தி ஹாபிட்' நாவலில் இதற்கு நேர்மையான பதில் இருக்கிறது. தோரின் என்ற குள்ளர் தலைவன் தன் தாத்தாவின் காலத்தை நினைத்துச் சொல்கிறான்: அக்கம்பக்க மனிதர்கள் தங்கள் பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்பினார்கள், தாராளமாகக் கொடுத்தார்கள், அதுவும் குறிப்பாக உணவுப்பொருளாக. விளைவிக்கவோ தேடவோ நாங்கள் மெனக்கெட்டதே இல்லை என்கிறான். பெருமையாகத்தான் சொல்கிறான். எனக்கோ அதில் ஒரு பொருளாதாரத்தின் தொண்டைக்குழி தெரிகிறது. வாசலுக்கு வெளியே இருக்கும் ஊர் அழிந்தால் உள்ளே இருக்கும் ஊர் பட்டினி. டிராகன் வந்தபோது மலையும் அதன் வாசலில் மனிதர்கள் வாழ்ந்த டேல் நகரமும் சேர்ந்தே அழிந்ததில் ஆச்சரியம் இல்லை.

சாப்பாடு ஒரு பாதி. மறுபாதி மரம். வெடிமருந்து வருவதற்கு முன் கடினமான பாறையை உடைக்க ஒரு வழி, அதன் மேல் விறகை அடுக்கி எரித்துப் பிளக்க வைப்பது. அக்ரிகோலா சுரங்கத் தொழிலைப் பற்றி எழுதி 1556-ல் வந்த பெரிய நூலில் இதை விவரிக்கிறார். தாதுவை உருக்க மரக்கரி வேண்டும். கிடைக்கிற இரும்பின் எடையைவிடப் பல மடங்கு கரி எரியும், அந்தக் கரியின் எடையைவிடப் பல மடங்கு மரம் சூளைக்குப் போயிருக்கும். கூரை சரியாமல் இருக்கத் தாங்குமரம், தண்ணீர் இறைக்கும் சக்கரத்துக்கு மரம், ஏணிக்கு மரம். குள்ளர் நகரம் என்பது காட்டைத் தின்று வாழும் மலை. காடு யாருடையது? பெரும்பாலும் இந்தக் கதைகளின் இன்னொரு இனமான எல்ஃப்களுடையது. குள்ளருக்கும் எல்ஃபுக்கும் ஏன் ஆகாது என்பதற்கு ரத்தத்திலேயே பகை, படைப்பிலேயே பகை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். விறகுக் கணக்கை எழுதினால் அரைப்பக்கத்தில் முடிந்துவிடும்.

கூலித் தகராறுக்கு டோல்கீனிலேயே நேரடிச் சாட்சி உண்டு. காட்டு எல்ஃப்களின் அரசன் குள்ளர்கள் தங்கள் புதையலைத் திருடியதாகச் சொல்கிறான். குள்ளர்கள் சொல்வது வேறு: அவனுடைய பொன்னையும் வெள்ளியையும் நகையாக்கித் தருவதாக ஒப்பந்தம், வேலை முடிந்ததும் கூலி தர மறுத்தான், நாங்கள் எங்களுக்கு வரவேண்டியதை எடுத்துக்கொண்டோம். ஆசிரியர் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். வாசகர்கள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே தோரின்தான், திருட்டு வேலைக்கு அமர்த்திய பில்போ என்ற ஹாபிட்டுக்கு (ஹாபிட் என்பது இன்னொரு குட்டை இனம்) கடிகாரத்துக்கு அடியில் ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போகிறான். மொத்த லாபத்தில், லாபம் என்று ஒன்று வந்தால், பதினான்கில் ஒரு பங்குவரை. வழிச்செலவு எப்படியும் உண்டு. ஈமச்செலவும் எங்களுடையது, தேவைப்பட்டால். படிப்பவர்கள் சிரிக்கும் இடம் இது. எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் பதின்மூன்று குள்ளர்கள், ஒரு ஹாபிட். தலைவனான அரச வாரிசுக்கும் நேற்று வந்த திருடனுக்கும் சம பங்கு. அந்த உலகத்தில் வேறு எந்த இனம் ஒரு வேலையாளுக்கு இப்படிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறது?

வேலைக்குப் பெயர் கிடைத்த இடத்தில் பகையே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். டோல்கீனின் குள்ளர் நகரமான மோரியாவின் மேற்கு வாசலில், கதவைச் செய்தவன் நார்வி என்ற குள்ளன், எழுத்தை வரைந்தவன் கெலெப்ரிம்போர் என்ற எல்ஃப் என்று இருவர் பெயரும் பொறித்திருக்கிறது. அந்த இரு இனங்களுக்கும் நடுவே இருந்த மிக நெருங்கிய நட்பு அந்தக் காலத்தில்தான்.

டோல்கீன் 1955-ல் எழுதிய ஒரு கடிதத்தில் குள்ளர்களை யூதர்களோடு ஒப்பிட்டிருக்கிறார். வாழும் இடத்தில் ஒரே நேரத்தில் உள்ளூர்க்காரர்களும் அந்நியர்களுமாக, ஊர் மொழியைத் தங்கள் சொந்த மொழியின் வாடையோடு பேசுகிறவர்களாக. குள்ளர்களின் ரகசிய மொழியையும் செமிட்டிக் மொழிகளின் சாயலில்தான் அமைத்தார். இது தெரிந்த பிறகு 'தங்கவெறி பிடித்த இனம்' என்ற சொல்லாடலை என்னால் வேடிக்கையாகப் படிக்க முடிவதில்லை. அந்த அவதூறு எங்கிருந்து வந்தது, நிஜத்தில் யார்மேல் வீசப்பட்டது என்பது வரலாறு.

அவருடைய குள்ளர்களிடம் தங்கத்தைவிட முக்கியமான ஒரு கணக்கு இருக்கிறது. செத்தவர்களைக் கல்லறையில்தான் வைப்பார்கள், மண்ணிலோ நெருப்பிலோ அல்ல. ஓர்க் என்ற அரக்க இனத்தோடு நடந்த அசானுல்பிசார் போரில் இறந்தவர்கள் அத்தனை பேருக்கும் கல்லறை குடைய வருடக்கணக்கில் ஆகும் என்பதால் பள்ளத்தாக்கின் மரங்களையெல்லாம் வெட்டி எரித்தார்கள். அதன் பிறகு அங்கே மரமே இல்லை. பல தலைமுறை கழித்தும் ஒருவர் தன் முன்னோரைப் பற்றி "அவர் எரிக்கப்பட்ட குள்ளர்" என்று சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வழக்கம் மீறப்பட்டதே விருதாக மாறிவிடுகிறது. ஒரு சமூகத்தை உருவாக்குவது என்றால் இப்படி உருவாக்க வேண்டும். தாடிக்கு எத்தனை பின்னல் என்று மூன்று பக்கம் எழுதுவது அல்ல.

வார்ஹேமர் என்ற மேசைப் போர் விளையாட்டின் உலகம் இந்தக் கணக்குப் புத்தியை அப்பட்டமாகவே ஒரு புத்தகமாக்கிவிட்டது. இழைக்கப்பட்ட ஒவ்வொரு அநீதியையும் அரசனின் ரத்தத்தில் எழுதிவைக்கும் வஞ்சப் பேரேடு. பரிகாரம் கிடைக்கும்வரை வரி அடிக்கப்படாது. ரசிகர்களுக்கு இது நகைச்சுவை. குட்டிக் குட்டி விஷயத்துக்கெல்லாம் வஞ்சம் வைக்கிறார்கள் என்று கேலிப்படங்கள் சுற்றும். அந்த உலகத்தின் மிகப் பெரிய குள்ளர்-எல்ஃப் போர் எப்படித் தொடங்கியது தெரியுமா? வணிக வண்டிகள் கொள்ளை போனதற்கு நஷ்டஈடு கேட்டுத் தூது அனுப்பினார்கள். எல்ஃப் அரசன் தூதரின் தாடியை மழித்து அனுப்பினான். மறுபடியும் அதே கதை. கேட்டது பாக்கி, கிடைத்தது அவமானம், பெயர் வஞ்சக்காரன்.

இதுவரை குள்ளர் தரப்பு வக்கீலாகப் பேசிவிட்டேன். இனி உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் வாதம் அவ்வளவு சுத்தமாக இல்லை.

முதலில் பெண்கள். டோல்கீனின் கணக்கில் மொத்தக் குள்ளர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்க மாட்டார்கள். வெளியே வருவதே அபூர்வம். வந்தாலும் குரலிலும் தோற்றத்திலும் ஆண்களைப் போலவே இருப்பார்கள். அந்த வம்சாவளிகளில் பெயரோடு வருகிற பெண் ஒருத்திதான், தீஸ். அவளும் தோரினின் தங்கை, ஃபிலி-கிலியின் தாய் என்ற உறவுகளுக்காக. கதவுக்கும் எழுத்துக்கும் செய்தவர் பெயர் பொறிக்கிற இனம், பெற்றவள் பெயரை எழுதவில்லை. ஆங்கில நகைச்சுவை நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட் இந்த இடத்தில்தான் கைவைத்தார். அவருடைய டிஸ்க்வேர்ல்ட் நாவல் வரிசையின் குள்ளர்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தாடி, ஒரே உடை. எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா என்று நாசூக்காகக் கண்டுபிடிப்பதே காதலின் பெரும்பகுதி. 1996-ல் வந்த ஒரு நாவலில் சீரி என்ற குள்ளர் காவலர், தாடியை எடுக்காமலே பாவாடையும் காதணியும் போட்டு வருகிறாள். பழமைவாதிகளுக்கு உலகமே இடிந்து விழுகிறது. தாடியைக் கைவிட அவள் ஒருபோதும் தயாரில்லை என்பதுதான் பிராட்செட்டின் நுட்பம். குள்ளராக இருப்பதிலிருந்து அவள் விலகவில்லை, தன்னையும் கணக்கில் எழுதச் சொல்கிறாள்.

இரண்டாவது, சாதி. 2009-ல் வந்த டிராகன் ஏஜ் கணினி விளையாட்டின் ஓர்சமார் நகரம் நான் பார்த்த குள்ளர் நகரங்களிலேயே மிகத் துணிச்சலானது, அதனாலேயே நிம்மதியாக உலாவ முடியாதது. பிரபு, போர்வீரர், கொல்லர், கைவினைஞர், சுரங்கத் தொழிலாளி, வணிகர், பணியாள் என்று அடுக்கு. ஆண் குழந்தைக்கு அப்பாவின் சாதி, பெண் குழந்தைக்கு அம்மாவின் சாதி. இவற்றுக்கெல்லாம் வெளியே சாதியற்றவர்கள். பிறந்ததுமே முகத்தில் சூடு போட்ட குறி. எந்த வேலையும் செய்ய உரிமை இல்லாததால் திருட்டும் பிச்சையும்தான் வேலை. பிறகு, பாருங்கள் திருடர்கள் என்று அதையே காரணமாகக் காட்டுவது. நகரத்தின் வம்சாவளிகளும் சாதனைகளும் ஆவணக் காப்பகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பதிவாகின்றன. சாதியற்றவர்களுக்கு அதில் இடம் இல்லை. மேலே, தரையில் போய் வியாபாரம் செய்கிறவரும் சாதியை இழக்கிறார். ஆனால் அவர்கள் வியாபாரம் செய்யாவிட்டால் கீழே அடுப்பு எரியாது. வெளியார் நம்மை மதிக்கவில்லை என்று புலம்பும் அதே வாய்தான் வாசலுக்கு வெளியே போன தன் ஆளை ஆளே இல்லை என்கிறது.

மூன்றாவது, பித்து. இதைச் சரியாகக் காட்டியது ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ். டார்ன், ஜாக் ஆடம்ஸ் என்ற இரு சகோதரர்கள் 2006-ல் வெளியிட்டு இன்றுவரை செதுக்கிக்கொண்டிருக்கும் விளையாட்டு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்ட முதல் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. அதில் திடீரென்று ஒரு குள்ளருக்கு ஆவேசம் பிடிக்கும். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஒரு பட்டறையைக் கைப்பற்றி உள்ளே போய்விடுவார். கல் வேண்டும், எலும்பு வேண்டும், பட்டு வேண்டும் என்று மனதுக்குள் படம் ஓடும். எல்லாம் கிடைத்தால், காலத்துக்கும் பெயர் சொல்லும் ஒரு பொருள் பிறக்கும். நான் விளையாடிய ஒரு கோட்டையில் எலும்பு செதுக்குபவர் ஒருவர் சிப்பி ஓடு கேட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஆறே இல்லாத பாலைவனக் கோட்டை. வணிகர்களின் வண்டி வருவதற்குள் அவருக்கு மனம் பேதலித்துவிட்டது. வெறும் நிரல் வரிகள்தான். ஆனாலும் அன்றைக்கு அதற்கு மேல் விளையாட மனம் வரவில்லை. அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோது வழக்கம்போலக் கல் சுமந்துகொண்டிருந்தவர்களின் பெயர் எனக்கு நினைவில்லை. கலைப்பொருளுக்குப் பெயர் உண்டு, செய்தவருக்குப் புகழ் உண்டு. சுமந்தவர்கள் எந்தச் சுவரிலும் இல்லை.

எங்கள் நண்பர் குழு மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் கதை நடத்துவது நான். 1974-ல் தொடங்கி இன்றுவரை விதிப்புத்தகங்கள் குள்ளருக்கு விஷ எதிர்ப்பு, இருட்டில் பார்வை, கல்லைப் பற்றிய அறிவு என்று என்னென்னவோ கொடுத்திருக்கின்றன. ஆயுள் 350 வருடம்வரை என்கிறது ஒரு பதிப்பு. அந்த ஆயுளை வைத்து ஒரு சிக்கல் போட்டேன். மலையடிவாரத்துக் கரிச்சூளைக்காரர்களுக்கு நகரம் மூன்று தலைமுறைக்கு முன் வாங்கிய கரிக்குப் பணம் கொடுக்கவில்லை. மனிதர்கள்தானே, விற்றவர் செத்துவிட்டார், மகன் செத்துவிட்டார், இப்போது கொள்ளுப்பேத்தி கிழிந்த சீட்டோடு வாசலில் நிற்கிறாள். சீட்டில் கையெழுத்திட்ட குள்ளர் உயிரோடுதான் இருக்கிறார். நகரத்தின் பொருளாளரே அவர்தான்.

பொருளாளராக ஆடும் நண்பன் முதலில் சொன்னது: "கடன் வாங்கினது அவங்க கொள்ளுத்தாத்தாகிட்ட. இவ யாரு?"

மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது: "போன வாரம் எல்ஃப் ராஜாவோட அப்பன் தராத காசுக்கு மகன்கிட்டப் போய் நின்னீங்களே, அது?"

"அது எங்க பேரேட்டுல இருக்கு."

"இவ பேரு ஏன் இல்ல?"

வட்டி உண்டா, எந்த நாணயத்தில், கரியின் அன்றைய விலையா இன்றைய விலையா என்று பேச்சு நீண்டு, அரக்கர்களோடு போட வேண்டிய சண்டையைத் தொடவே முடியவில்லை. பொருளாளர் வாய்தா கேட்டிருக்கிறார். பழைய பேரேட்டைப் பார்க்க வேண்டுமாம். அப்படி ஒரு பேரேட்டை நான் இன்னும் எழுதவில்லை. அடுத்த ஆட்டத்துக்குள் எழுதியாக வேண்டும், கரிச்சூளைக்காரர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி.